மினார்ஸ்கி திரும்பிப் போன இரவு

ஜூன் 8

மகளோடு கனடாவின் ஹமில்ரன் போர் விமான அருங்காட்சியகத்துக்குப் போனேன். லங்காஸ்ரர் என்பது இரண்டாம் உலகப் போரின் பிரித்தானியக் குண்டுவீச்சு விமானம். உலகத்தில் இன்னும் பறக்கக்கூடியவை இரண்டுதான். அதில் ஒன்று இங்கே இருக்கிறது. யாழ்ப்பாணத்தில் பொம்மர் சத்தம் கேட்டால் பங்கருக்குள் ஓடி வளர்ந்தவன் நான். குண்டு போடும் விமானத்தை நின்று பார்க்க எனக்கு ஒருநாளும் ஆசை வந்ததில்லை. அந்தப் போரில் இறந்த கனடிய விமானப்படை வீரர் அன்ட்ரூ மினார்ஸ்கிக்காகத்தான் போனேன். 1944 ஜூன் 12 இரவு அவர் ஏறிப் போய்த் திரும்பாத கேபி 726 விமானத்தின் அடையாளத்தைத்தான் இந்த விமானத்துக்குத் தீட்டியிருக்கிறார்கள்.

வால் நுனியில் இருக்கும் துப்பாக்கிக் கூண்டைக் கண்டு மகள் திகைத்துவிட்டாள். ஒரு ஆள் மடங்கி உட்காரத்தான் இடம். பரசூட்டை வைக்கக்கூட இடமில்லை, அது கூண்டுக்கு வெளியே, விமானத்தின் உடலுக்குள் தொங்கும்.

"அப்ப நெருப்புப் பிடிச்சா என்னப்பா செய்யிறது?"

கூண்டை நேராகத் திருப்பி, பின்கதவைத் திறந்து, பரசூட்டை எடுக்க வேண்டும். கூண்டைத் திருப்பும் எண்ணெய் அழுத்தம் விமானத்தின் எஞ்சினிலிருந்து வருகிறது. எஞ்சின் போனால் கையால்தான் சுற்ற வேண்டும்.

ஜூன் 10

மினார்ஸ்கி வின்னிபெக்கில் பிறந்தவர், பெற்றோர் போலந்திலிருந்து வந்தவர்கள். தகப்பன் இறந்தபின் தோல் வேலைக்குப் போய் வீட்டைத் தாங்கினார். கனடிய விமானப் படையின் 419ஆம் ஸ்குவாட்ரனில், விமானத்தின் முதுகில் இருக்கும் கூண்டின் துப்பாக்கிக்காரர். வால் கூண்டில் இருந்த பட் புரோபி அவருடைய நெருங்கிய சிநேகிதன். புரோபி பதவியில் மேலே என்பதால், இரவில் பிரியும்போது விளையாட்டாக விறைத்து நின்று சல்யூட் அடித்து, "குட் நைட், சேர்" என்பாராம். கடைசி இரவு, புறப்படுமுன் புல்லில் காத்திருந்தபோது நாலு இலைக் குளோவர் ஒன்றைக் கண்டெடுத்து, அதிர்ஷ்டத்துக்கு என்று புரோபியிடம் கொடுத்திருக்கிறார்.

27 வயது.

ஜூன் 12

இலக்கு, பிரான்சின் கம்பிரே ரயில் முற்றம். நோர்மண்டிக் கரையில் நேசநாட்டுப் படைகள் இறங்கி ஆறே நாள். ஜெர்மன் படைகள் அங்கே போய்ச் சேரவிடாமல் பாதையை உடைக்க வேண்டும்.

இலக்கை அடையுமுன்பே ஜெர்மன் இரவுப் போர் விமானம் ஒன்று சுட்டது. இடப்பக்க எஞ்சின்கள் இரண்டும் போய்விட்டன. குதிக்கச் சொல்லி விமானி உத்தரவிட்டார். புரோபி பரசூட்டை எடுத்துவிட்டார், ஆனால் வெளியே விழுவதற்குக் கூண்டைத் திருப்பியபோது அது பாதியில் சிக்கிக்கொண்டது. கையால் சுற்றும் பிடியும் உடைந்தது.

மினார்ஸ்கி கதவடிக்கு வந்துவிட்டார். குதித்திருந்தால் தப்பியிருக்கலாம். புரோபியைக் கண்டதும் நெருப்புக்குள்ளால் தவழ்ந்து போனார். கோடரியால் கொத்தினார், பிறகு வெறுங்கையால் பிய்த்தார். இடுப்புவரை உடுப்பும் பரசூட்டும் எரிந்தன. "போ, போ" என்று புரோபி கத்தியபின்தான் பின்வாங்கினார். அதுவும் சிநேகிதனைப் பார்த்தபடியே, பின்பக்கமாகத் தவழ்ந்து. கதவடியில் எழுந்து, எரிந்துகொண்டே நேராக நின்று சல்யூட் அடித்தார். உதடு அசைந்தது. என்ன சொன்னார் என்பது புரோபிக்குக் கேட்காமலே தெரியும்.

இதற்கு மேல் இன்றைக்கு எழுத முடியவில்லை.

ஜூன் 13

விமானம் தரையில் மோதி உடைந்தபோது புரோபி வெளியே வீசப்பட்டு உயிர் தப்பினார். ஏழு பேரில் இறந்தது மினார்ஸ்கி மட்டும்தான். எரிந்த பரசூட்டோடு விழுந்தவரைப் பிரெஞ்சு மக்கள் கண்டெடுத்தார்கள், ஆனால் தீக்காயம் அவரை விடவில்லை. மெஹாரிகூர் ஊர் மயானத்தில் அடக்கம். புரோபி வந்து சொன்ன பிறகுதான் நடந்தது வெளியே தெரிந்தது. 1946 அக்டோபரில், வீரத்துக்கான மிக உயர்ந்த பிரித்தானிய விருதான விக்டோரியா குரொஸ் கொடுத்தார்கள்.

பிரித்தானியக் குண்டுவீச்சுப் படைப்பிரிவில் 55,000 பேருக்கு மேல் இறந்தார்கள். முழுக் குழுவும் அழிந்துபோன விமானங்களுக்குள் யார் யாருக்காகத் திரும்பிப் போனார்களோ, சொல்ல ஆளில்லை. குண்டுக்குக் கீழே இருந்தவனுக்கு உள்ள கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. இந்தப் பொடியன்களை நினைத்தும் நெஞ்சு அடைக்கிறது.

அடுத்த கிழமை மகள் இதை வகுப்பில் சொல்லப் போகிறாளாம். சரி, புரோபியின் பெயரையும் விடாமல் சொல்லு என்றேன்.