மகளின் பால் ஒவ்வாமை: தோல் பரிசோதனையும் அதற்குப் பிறகும்

ஒன்பதாம் மாதத்தில் முதன்முதலாகத் தயிர்சாதம் ஊட்டிய சில நிமிடங்களில் எங்கள் மகளின் உதட்டைச் சுற்றித் தடிப்புகள் எழும்பின. காணாக்கடியாக இருக்கும் என்று அத்தை வெற்றிலையும் மிளகும் எடுத்து வைத்தார். பிறகு பாலில் கரைத்த பிஸ்கட்டுக்கும் அதே விரைவில் தடிப்பு வந்ததால், குழந்தை மருத்துவர் எங்களை அலர்ஜி மருத்துவரிடம் அனுப்பினார்.

எதைச் சாப்பிட்டாள், எவ்வளவு நேரத்தில் வந்தது, ஒவ்வொரு முறையும் வருகிறதா என்றுதான் அவர் முதலில் கேட்டார். பால் சர்க்கரை செரிக்காமல் வரும் உப்புசத்துக்கும் பேதிக்கும் நோய் எதிர்ப்பு மண்டலத்தோடு தொடர்பில்லை என்றும், மகளுக்கு இருப்பது பாலின் புரதத்துக்கு எதிரான ஒவ்வாமையாகத் தெரிகிறது என்றும் விளக்கினார். ஆட்டுப்பால் கொடுக்கலாமே என்ற அத்தையின் யோசனைக்கும் அங்கேயே பதில் கிடைத்தது: பசு, எருமை, ஆடு ஆகியவற்றின் பால் புரதங்கள் மிகவும் ஒத்திருப்பதால், பசும்பால் ஒத்துக்கொள்ளாத குழந்தைகளில் பெரும்பாலோருக்கு ஆட்டுப்பாலும் ஒத்துக்கொள்ளாது.

தோல் பரிசோதனைக்கு ஒரு வாரம் முன்பே அலர்ஜி மாத்திரை, சிரப் எதுவும் கொடுக்கக் கூடாது என்றார்கள். முன்கையில் பேனாவால் குறியிட்டு, ஒவ்வொரு குறியின் அருகிலும் சோதிக்க வேண்டிய உணவின் சாற்றில் ஒரு சொட்டு வைத்து, அதன் வழியாக நுனி ஊசியால் மெல்லக் கீறினார்கள். ஒப்பிடுவதற்காக, தடிப்பை உண்டாக்கும் பொருளான ஹிஸ்டமினும் தடிப்பை உண்டாக்காத உப்புநீரும் தனித்தனியே வைக்கப்பட்டன. கால் மணி நேரம் கழித்து, உப்புநீர்ப் புள்ளியை விட 3 மி.மீ. அல்லது அதற்கு மேல் தடித்திருந்தால் பாசிட்டிவ் என்று அளவுகோலால் அளந்தார்கள். பால் நன்றாகத் தடித்திருந்தது. முட்டையும் எல்லையைத் தொட்டிருந்தது. முட்டையை அவள் எந்தத் தொந்தரவும் இல்லாமல் சாப்பிட்டு வந்தவள் என்பதால் எனக்குப் பெரும் கவலையாகிவிட்டது. அந்த உணவுக்கு எதிராக நோய் எதிர்ப்பு மண்டலம் உண்டாக்கிய எதிர்ப்பொருள் உடலில் இருக்கிறது என்று மட்டுமே தடிப்பு சொல்கிறது, சாப்பிட்டு ஒன்றும் ஆகாத உணவை இதற்காக நிறுத்தாதீர்கள், நிறுத்தினால் பழகிய உணவே ஒவ்வாமல் போகவும் கூடும் என்று மருத்துவர் உறுதியாகச் சொன்னார். அறிகுறியே இல்லாமல் நீண்ட உணவுப் பட்டியலுக்கு இரத்தப் பரிசோதனை செய்து, வந்ததையெல்லாம் விலக்கிக் குழந்தைகளை மெலிய விடும் பெற்றோரைப் பார்க்கும்போது இந்த ஒரு வாக்கியத்தை அவர்களுக்கும் சொல்ல வேண்டும் போலிருக்கிறது.

வீட்டில் கடினமாக இருந்தது ஒளிந்திருக்கும் பால்தான். பிஸ்கட், ரொட்டி, பாக்கெட் சூப் என எதை எடுத்தாலும் கேசின், மோர்ப் புரதம், பால் பவுடர் என்ற பெயர்களைத் தேடினோம். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி பாக்கெட்டில் பால் இருப்பதைக் குறிப்பிட வேண்டும் என்பது உதவியது. கல்யாண வீட்டுப் பந்தியில் லேபிள் கிடையாது. நெய் ஊற்றிய பருப்பையும் தயிர் கலந்த குருமாவையும் நாங்களே கேட்டுக் கேட்டு விலக்கினோம். மூச்சுத் திணறலோ தொடர் வாந்தியோ வந்தால் முதலில் போட வேண்டியது அட்ரினலின் ஊசிதான், அதுவும் தொடையின் வெளிப்புறத் தசையில் என்பதை வீட்டில் எல்லோரும் கற்றுக்கொண்டோம்.

நான்கு வயதில் மருத்துவமனையிலேயே அடுமனைப் பால் சோதனை நடந்தது. அதிக வெப்பத்தில் மாவோடு வெந்த பாலின் புரதம் உருமாறுவதால், பச்சையாகவோ காய்ச்சியோ குடிக்க முடியாத பல குழந்தைகள் அதைத் தாங்குவார்கள். கேக்கின் சிறு துணுக்கில் தொடங்கி, இடைவெளி விட்டு அளவைக் கூட்டி, கடைசித் துண்டுக்குப் பிறகும் சில மணி நேரம் அவளைக் கண்காணித்தார்கள். ஒரு தடிப்பும் வரவில்லை. இப்போது கேக்கும் ரொட்டியும் வாரந்தோறும் உண்டு. தயிருக்கும் பாலுக்கும் அடுத்த ஆண்டு சோதனை வைத்திருக்கிறார்கள்.