வேணும்னே பண்ணுதாளா?

மூளையின் மின்னலைகளைப் பதிவு செய்யும் எங்கள் ஈஈஜி அறைக்குப் பிள்ளையைக் கூட்டிவரும் அம்மாக்களில் பாதிப்பேர் இந்தக் கேள்வியைக் கேட்காமல் போனதில்லை. "மேடம், இவ வேணும்னே பண்ணுதாளா?" திருநெல்வேலியில் 14 வருஷமாக இந்த டெக்னீசியன் வேலை. மனிதனுக்குச் சுயவிருப்பம் உண்டா என்று யாராவது பெரிதாக ஆரம்பித்தால் நழுவிவிடுவேன். வேணும்னேயா இல்லையா என்று கேட்டால் கொஞ்சம் நின்று பேசுவேன்.

போன மாதம் எட்டு வயசுப் பிள்ளை ஒன்று வந்தது. டிக்டேஷன் எழுதும்போது நடுவில் இரண்டு மூன்று வார்த்தையை விட்டுவிடுகிறாளாம், டீச்சர் கூப்பிட்டால் முழித்துக்கொண்டு நிற்கிறாளாம். திமிர் என்று வீட்டிலும் அடி. தலைக்குக் குளித்து, எண்ணெய் வைக்காமல் வரச் சொல்லியிருந்தோம். நன்றாக ஊறப் போட்டு, இரட்டைச் சடை பின்னிக் கூட்டி வந்திருந்தார் அம்மா. (இது எங்கள் ஊரில் திருத்தவே முடியாத விஷயம். ஆஸ்பத்திரிக்குப் பிள்ளையைப் பரட்டைத் தலையோடு எப்படிக் கூட்டி வருவது?) எண்ணெயைத் துடைத்தெடுத்து, டேப் வைத்து அளந்து, பேஸ்ட் தடவி 21 எலக்ட்ரோடும் ஒட்டி முடிக்கவே முக்கால் மணி நேரம்.

அப்புறம் காகிதக் காற்றாடியைக் கொடுத்து 3 நிமிடம் விடாமல் ஊதச் சொன்னேன். வேகமாக மூச்சு விட்டால் சில வகை வலிப்பு வெளியே வரும். இரண்டாவது நிமிடத்தில் காற்றாடி மெதுவானது, நின்றது. கண் திறந்தபடியே இருக்கிறது. திரையில் எல்லாக் கோடுகளும் ஒன்றாக எகிறி, நொடிக்கு மூன்று தடவை, அச்சில் வார்த்ததுபோல ஒரே வடிவம். "யானை" என்று சத்தமாகச் சொன்னேன். பதினோரு நொடி. கோடுகள் அடங்கின, காற்றாடி மறுபடி சுற்றியது, பிள்ளை விட்ட இடத்திலிருந்து ஊதிக்கொண்டிருந்தாள்.

"இப்ப நான் என்ன சொன்னேன் பாப்பா?"

"ஒண்ணும் சொல்லலியே."

முடிவை டாக்டர்தான் சொல்ல வேண்டும், நான் வாயைத் திறக்கக் கூடாது. ஆனால் காற்றாடி நின்றதை அம்மா பார்த்துவிட்டார்.

'வேணும்னே இல்லை' என்பதை இப்படிச் சில நேரம் எங்கள் மெஷின் காட்டிக்கொடுக்கும். 'வேணும்னேதான்' என்பதற்கு அதில் என்ன அடையாளம் இருக்கிறது?

இருக்கிறது என்றுதான் ரொம்ப நாள் நம்பினார்கள். 1983-ல் சான் பிரான்சிஸ்கோவில் பெஞ்சமின் லிபெட் என்ற மூளை ஆய்வாளர் ஒரு சோதனை செய்தார். தலையில் எலக்ட்ரோடு, எதிரே கடிகாரம்போலச் சுற்றும் ஒளிப்புள்ளி. தோன்றும்போது கையை அசை, அந்த எண்ணம் வந்த கணத்தில் புள்ளி எங்கே இருந்தது என்று சொல். எண்ணம் அசைவுக்கு ஏறக்குறைய 200 மில்லி நொடி முன்னால் வந்தது. மூளையில் ஒரு மெல்லிய அலையோ அரை நொடிக்கும் முன்னாலேயே கிளம்பியிருந்தது. 'மற்றொன்று சூழினும் தான்முந்துறும்' என்று பள்ளிக்கூடத்தில் ஒப்பித்தது ஞாபகம் வந்தது எனக்கு. ஊழுக்குப் பதில் மூளை, அவ்வளவுதான். கடைசி நேரத்தில் 'வேண்டாம்' என்று நிறுத்தும் அதிகாரம் நமக்கு உண்டு என்று லிபெட் சொன்னதைப் பலரும் விட்டுவிட்டு, சுயவிருப்பம் செத்தது என்று எழுதிக்கொண்டார்கள்.

அந்த அலையைத் தேடி எங்கள் மெஷினில் பார்த்தால் தெரியாது. மிகச் சிறியது, மிக மெதுவானது; நாங்கள் போடும் ஃபில்டரே அதை வெட்டிவிடும். பல பத்து அசைவுகளை அடுக்கிச் சராசரி எடுத்தால்தான் தலைகாட்டும். அந்தச் சராசரியில்தான் எனக்குச் சந்தேகம். குளம் விளிம்பு வரை நிரம்பிக் கிடக்கிறது, காற்றில் தண்ணீர் தளும்புகிறது. எப்போதாவது ஒரு தளும்பலில் மறுகால் விழும். விழுந்த நேரங்களை மட்டும் எடுத்துப் பின்னோக்கிக் கணக்குப் போட்டால், ஒவ்வொரு தடவையும் தண்ணீர் ஏறிக்கொண்டே வந்ததாகத்தான் தெரியும். அதனால் குளம் முன்கூட்டியே முடிவு செய்தது என்றாகுமா? 2012-ல் ஆரன் ஷர்கர் என்ற மூளை ஆய்வாளரும் கூட்டாளிகளும் ஏறக்குறைய இதைத்தான் சொன்னார்கள். காரணமே இல்லாமல் கையை அசைக்கச் சொன்னால், மூளையின் தளும்பல்தான் நேரம் குறிக்கும் என்று.

இன்னொரு சங்கதி இதைவிட என்னைக் குழப்பியது. சிலருக்கு உடம்பு தூக்கித் தூக்கிப் போடும், நரம்பில் பழுது இருக்காது. நான் செய்யவில்லை என்று சத்தியம் செய்வார்கள், பொய்யும் இல்லை. அப்படிப்பட்டவர்களில் பலருக்கு, ஒவ்வொரு துள்ளலுக்கும் முன்னால் அதே அலை வருகிறது. பெரிய மையங்களில் நோயைப் பிரித்தறியவே இதைப் பார்க்கிறார்கள். அலை இருக்கிறது, 'நான்தான் செய்தேன்' என்பது இல்லை. அப்படியானால் அலையை வைத்து வேணும்னே என்று எப்படி எழுதுவது? என் கணக்கில், விரலை எப்போது அசைப்பது என்பது ஒரு முடிவே இல்லை. பிள்ளையை அடித்த ஸ்கேலைத் திரும்ப எடுப்பதா வேண்டாமா என்பது முடிவு. அதை 200 மில்லி நொடியில் யாரும் எடுப்பதில்லை.

எலக்ட்ரோடுகளைக் கழற்றிப் பேஸ்டை ஈரத்துணியால் துடைத்துக்கொண்டிருந்தேன். அம்மா ரொம்ப நேரம் பேசவில்லை. பிறகு குரலைத் தணித்துக் கேட்டார்.

"மேடம், இவ அப்பா சாயங்காலமானா குடிக்கப் போயிருதாரு. காலையில அழுதுக்கிட்டே சத்தியம் பண்ணுதாரு, ராத்திரி மறுபடியும் அதே. அது வேணும்னேயா இல்லையான்னு இதுல பாக்க முடியுமா?"

"இதுல தெரியாதும்மா."

"ம்" என்றார். சீப்பை எடுத்து, பேஸ்ட் காய்ந்து கிடந்த முடியைச் சிக்கெடுக்க ஆரம்பித்தார்.