எழுபது வளைவுகளும் ஒரு ரப்பர் பேண்டும்

சேலத்திலிருந்து கொல்லிமலைக்குப் புல்லட்டில் போவது என்று முடிவானதும் நான் செய்த ஏற்பாடுகளைப் பார்த்துவிட்டு, "ஏங்க, நாம மலைக்குச் சுத்திப் பாக்கப் போறோமா, ஒர்க்‌ஷாப் வைக்கப் போறோமா?" என்று என் மனைவி கேட்டாள். கிளட்ச் கேபிள், ஆக்ஸிலேட்டர் கேபிள், பாயிண்ட் செட், கண்டென்சர், இரண்டு பிளக், செயின் லாக், எமரி தாள், கட்டுக்கம்பி, ஸ்பேனர்கள் எல்லாவற்றையும் ஒரு கிழிந்த வேட்டியில் சுருட்டிப் பக்கப் பெட்டியில் வைத்த பிறகு, அவளுடைய மாற்றுடைக்கு அதில் இடமில்லாமல் போனது உண்மைதான். 1987ஆம் ஆண்டில் திருவொற்றியூரில் பிறந்த வண்டியை மலையேற்றுகிறவன் உதிரிபாகம் இல்லாமல் கிளம்பினால் அது துணிச்சல் அன்று, அறியாமை என்று நான் விளக்கம் சொன்னேன். அவள் தன் துணிகளைத் தம்பியின் வண்டியில் வைத்துவிட்டாள்.

தம்பி, அதாவது என் மச்சினன், அண்மையில் வாங்கிய வண்டியில் உடன் வந்தான். அதில் கார்புரேட்டர் கிடையாது, கிக்கரும் கிடையாது. பொத்தானை அழுத்தினால் அது எந்தச் சடங்கையும் எதிர்பார்க்காமல் கிளம்பிவிடும். என்னுடையது அப்படியன்று. சாவியைத் திருப்பி, ஆம்பியர் மீட்டரின் முள் நடுவுக்கு வரும்வரை கிக்கரை மெல்ல அழுத்த வேண்டும். பிறகு சிலிண்டரின் அழுத்தத்தைத் தணிக்கும் டிகம்ப்ரஷன் நெம்பை இழுத்துப் பிடித்து இன்னும் சிறிது தள்ளி, நெம்பை விட்டு, கிக்கரை மேலே வரவிட்டு, உடம்பின் எடை முழுவதையும் அதன்மேல் இறக்க வேண்டும். வரிசை தப்பினால் கிக்கர் திருப்பி உதைக்கும். என் வலது கணுக்காலில் அதற்குச் சான்று இருக்கிறது. கியர் வலப்பக்கம், பிரேக் இடப்பக்கம். ஒருமுறை ஆசைப்பட்டு இதை ஓட்டிப் பார்த்த மச்சினன், பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்து, எங்கள் தெருவின் பால் பூத்துக்கு மிக அருகில் சென்று நின்றான். அன்று முதல் அவன் இதைத் தொடுவதில்லை.

ஆயினும் மலைக்கு ஏற்றது இதுதான் என்பது என் உறுதியான கட்சி. 70 மி.மீ. விட்டமுள்ள சிலிண்டரில் பிஸ்டன் 90 மி.மீ. தூரம் ஏறி இறங்குகிற, 346 சிசி வார்ப்பிரும்பு எஞ்சின் இது. அந்த நீண்ட வீச்சினால் குறைந்த வேகத்திலேயே இழுவை கிடைத்துவிடும். அலறாமல், முனகாமல், மாடு வண்டி இழுப்பதுபோல் ஒரே சீராக ஏறும். இங்கிலாந்தின் ரெடிட்ச் நகரத்து ராயல் என்ஃபீல்டோடு மெட்ராஸ் மோட்டார்ஸ் 1955இல் கைகோத்த பிறகு சென்னையில் வேர்பிடித்த இந்த இனம், ரெடிட்ச் தொழிற்சாலை மூடப்பட்ட பின்பும் இங்கே பல்லாண்டு உற்பத்தியானது என்பதை அடிவாரம் வரும்வரை மனைவிக்குச் சொல்லிக்கொண்டே வந்தேன். ஹெல்மெட் போட்டிருந்ததால் அவள் கேட்டாளா என்பது தெரியவில்லை.

அடிவாரத்துக்கு முன்பே டாங்கை விளிம்புவரை நிரப்பிக்கொண்டோம். ஐப்பசி மாதம், அடிவாரமான காரவள்ளியை அடைந்தபோது தூறல் பிடித்துக்கொண்டது. சென்ற மழைக்காலத்தில் மூடியின் சாவித் துளை வழியாக டாங்குக்குள் தண்ணீர் இறங்கி, கார்புரேட்டரைக் கழற்றி மாட்டுவதிலேயே ஒரு ஞாயிற்றுக்கிழமை கழிந்த நினைவு எனக்கு இருந்தது. எனவே ஒரு பாலிதீன் பையை டாங்க் மூடியின் மேல் கவிழ்த்து, அதன் கழுத்தில் ரப்பர் பேண்டை மூன்று சுற்றுச் சுற்றி இறுக்கினேன். இந்த முன்யோசனையை மச்சினனிடம் காட்டிப் பெருமையும் பட்டுக்கொண்டேன்.

பதினான்காம் வளைவில் வண்டி இருமியது, திணறியது, நின்றது.

கொல்லிமலைப் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். ஒவ்வொன்றிலும் எண் எழுதிய பலகை உண்டு. இதனால் ஒருவனுடைய அவமானத்துக்குத் துல்லியமான முகவரி கிடைத்துவிடுகிறது. பிளக்கைக் கழற்றினேன். முனை ஈரமே இல்லாமல் வறண்டு கிடந்தது. பெட்ரோல் வராவிட்டால்தான் பிளக் அப்படி வறளும் என்பது எனக்கு நன்றாகவே தெரியும்; ஆனால் டாங்கை நிரப்பி அரைமணி நேரம்கூட ஆகாத நிலையில் பெட்ரோலைச் சந்தேகிக்க மனம் வரவில்லை. புதுப் பிளக்கை மாட்டி, இரண்டாவது உதையில் கிளப்பி, மச்சினனைப் பார்த்து ஒரு புன்னகையும் புரிந்தேன்.

இருபத்தேழில் மறுபடியும் நின்றது. இம்முறை பிளக்கில் பொறி வரச் செய்யும் பாயிண்டைக் குற்றவாளியாக்கினேன். மூடியைத் திறந்து, எமரி தாளால் முனைகளைத் தேய்த்து, இடைவெளியை 0.40 மி.மீ.க்குள் வைக்க வேண்டும். அளக்கும் தகட்டை மட்டும் வீட்டில் மறந்துவிட்டிருந்தேன். திருமண அழைப்பிதழின் அட்டையை நுழைத்துத் தோராயமாகப் பார்த்தேன். அதற்குள் அங்கே ஒரு சபை கூடிவிட்டது. பலாப்பழ வண்டி ஓட்டுநர் எஞ்சின் சூடேறிவிட்டது என்றார். இன்னொரு புல்லட்காரர் இறங்காமலேயே, "காயில் போயிருச்சு சார்" என்று தீர்ப்பளித்துவிட்டு ஏறிப்போனார். நம் ஊரில் நடுவழியில் நிற்கும் புல்லட்டுக்கு வைத்தியம் சொல்லத் தெரியாத ஆண்மகனை நான் இன்னும் சந்திக்கவில்லை. இருபது நிமிடம் கழித்து வண்டி கிளம்பியது. தம்பி வண்டியில் குஷன் மெத்தென்று இருக்கிறது என்று கூறிவிட்டு, மனைவி அதில் ஏறிக்கொண்டாள்.

நாற்பத்தொன்றில் பாயிண்டோடு சேர்ந்து வேலை செய்யும் கண்டென்சரை மாற்றினேன். அதற்கும் வண்டி உடனே கிளம்பியது. இங்கேதான் என் அறிவு முழுமையாக என்னைக் கைவிட்டது என்று இப்போது நினைக்கிறேன். ஒவ்வொரு முறையும் நான் எதையோ மாற்ற, வண்டியும் உயிர்பெற்றதால், மூன்று வெவ்வேறு கோளாறுகளை ஒரே நாளில் கண்டுபிடித்துச் சரிசெய்த மேதையாக என்னைக் கருதிக்கொண்டேன். மச்சினன் இதற்குள் மலைமேல் உள்ள செம்மேடுவரை போய் டீ குடித்து, எனக்கும் ஒன்றை பிளாஸ்கில் வாங்கி வந்திருந்தான். "மாமா, இந்த மலைய ஆண்ட வல்வில் ஓரி ஒரே அம்புல யானை, புலி, மான், பன்னி, உடும்புன்னு அஞ்சையும் சாச்சாராம். நீங்க அதே மலையில ஒரே வண்டிய அஞ்சு தடவை சாச்சிருவீங்க போல" என்றான். மூன்றுதான் ஆகியிருக்கிறது என்று திருத்தினேன்.

ஐம்பத்தைந்தில் நான்காவது ஆனது.

அந்த வளைவில் மலைவாழைத் தார்களைச் சாய்த்துவைத்து ஒரு பாட்டி விற்றுக்கொண்டிருந்தார். மாற்றுவதற்கு என்னிடம் இனி கேபிள்களைத் தவிர எதுவும் இல்லை. ஸ்பேனரும் கையுமாக நான் மண்ணில் உட்கார்ந்திருக்க, மனைவி பழத்துக்கு விலை பேசிக்கொண்டிருந்தாள். பாட்டியின் பார்வை மட்டும் வண்டியின் மேலேயே இருந்தது. பாலிதீன் பை, பல் போன கிழவரின் கன்னம்போல, மூடியோடு ஒட்டி உள்ளே குழிந்து கிடந்தது. காலையிலிருந்து நானும் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். என்ன கச்சிதமாகப் பொருந்தியிருக்கிறது என்று ரசித்துமிருந்தேன்.

"ஏஞ்சாமி, எண்ணெ டின்னுல ஒரே ஓட்ட போட்டா எண்ணெ எறங்குமா? காத்துக்கு இன்னொரு ஓட்ட வேணாமா? இப்படி வாய இறுக்கிக் கட்டுனா அது எப்படிப் போவும்?" என்றார் பாட்டி.

ரப்பர் பேண்டை அவிழ்த்து மூடியைத் திறந்தேன். 'உஸ்ஸ்' என்று காற்று உள்ளே பாய்ந்த ஓசை, சாலையின் எதிர்ப்பக்கம் நின்ற மச்சினனுக்கே கேட்டது. மூடியிலுள்ள சிறு துளை வழியாகக் காற்று உள்ளே போனால்தான் பெட்ரோல் கீழே இறங்கும். நான் துளையை அடைத்ததோடு, டாங்கையும் விளிம்புவரை நிரப்பியிருந்ததால், உள்ளே இருந்த கொஞ்சக் காற்றின் அழுத்தம் சில வளைவுகளிலேயே குறைந்து, பெட்ரோலை மேலேயே பிடித்து வைத்துக்கொண்டது. நான் பிளக்கையும் பாயிண்டையும் கழற்றி மாட்டிய நேரத்தில், பையின் சுருக்கங்கள் வழியே காற்று மெல்லக் கசிந்து நிலைமையைச் சீராக்கியிருக்கிறது. அதாவது, நான்கு வளைவுகளிலும் வண்டிக்குத் தேவைப்பட்டது என் கைத்திறன் அன்று; நான் சற்று நேரம் அதைச் சும்மா விட்டது.

மீதி பதினைந்து வளைவுகளையும் வண்டி ஒரு செருமல்கூட இல்லாமல் ஏறியது. நன்றிக்கடனாகப் பாட்டியிடம் இரண்டு சீப்பு அதிகமாக வாங்கினேன். அவற்றைப் போட்டுக்கொள்ள அந்தப் பாலிதீன் பையை நீட்டியபோது, "மலைக்கு பிளாஸ்டிக் கொண்டாரக் கூடாதுங்க" என்று அதற்கும் ஒரு குட்டு வைத்தார். மனைவி சிரித்த சிரிப்பில் அவருக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

கழற்றிய பிளக்கும் கண்டென்சரும் நல்ல நிலையிலேயே இன்னும் என்னிடம் இருக்கின்றன. மச்சினன் இந்தக் கதையைத் தன் வீட்டாரிடம் நடித்தே காட்டியிருக்கிறான். சென்ற வாரம் ராசிபுரத்தருகே கிளட்ச் கேபிள் அறுந்து, வர நேரமாகும் என்று மாமியாருக்குத் தொலைபேசியில் சொன்னேன். அவர் இதுவரை இருசக்கர வாகனம் எதையும் ஓட்டியவர் அல்லர். மிகுந்த அக்கறையோடு, "மாப்பிள்ளை, எதுக்கும் மூடியத் தொறந்து பாத்துட்டீங்களா?" என்று கேட்டார்.