மூடியைக் கழற்றியவன்

பெப்ரவரி 12

முடிவு வந்துவிட்டது. 38 புள்ளிகள். நெபோஷ் என்ற பிரித்தானியத் தொழிற்பாதுகாப்புப் பரீட்சையில் இந்தத் தாளில் சித்தியடைய நூற்றுக்கு 45 வேண்டும். புத்தகத்தைத் திறந்து வைத்துக்கொண்டே எழுதலாம், 24 மணித்தியால அவகாசமும் உண்டு, அப்படியிருந்தும் கோட்டை விட்டுவிட்டேன். வீட்டில் யாரும் ஏசவில்லை. ஏசியிருந்தால் மனம் ஆறியிருக்கும். கட்டாரிலிருந்து மச்சான் அழைத்து, "திரும்ப எழுது" என்று மட்டும் சொல்லிவிட்டு வைத்தார்.

பெப்ரவரி 14

கணினியில் கிடந்த என் விடைகளை மறுபடி வாசித்தேன். வெட்கமாக இருந்தது. தாளில் ஒரு பணியிடத்தின் கதையைத் தருகிறார்கள். அதில் ஆட்கள் இருக்கிறார்கள், இயந்திரங்கள் இருக்கின்றன, அவசரமும் அசட்டையும் இருக்கின்றன. என் விடையில் அவர்களில் ஒருவரும் இல்லை. ஆபத்தை முதலில் நீக்கு, முடியாவிட்டால் வேறொன்றைக் கொண்டு மாற்று, பிறகு பொறியியல் ஏற்பாடு, பிறகு வேலைமுறை, கடைசியில்தான் கையுறையும் தலைக்கவசமும் என்று படிநிலையைப் பிசகாமல் ஒப்புவித்திருக்கிறேன். அது எந்த ஊர்த் தொழிற்சாலைக்கும் பொருந்தும் என்பதால்தான் புள்ளி விழவில்லை. கதையிலுள்ள தகவலைக் கொண்டு விடையை நிறுவ வேண்டும் என்று தாளிலேயே எழுதியிருந்தது. தென்னைமரத்தைப் பாடமாக்கிக்கொண்டு போனவன், பசுவைப் பற்றிக் கேட்டதும் பசுவைக் கொண்டுபோய்த் தென்னையில் கட்டினானாம். நானும் அதைத்தான் செய்திருக்கிறேன்.

பெப்ரவரி 19

சம்மாந்துறைக்குப் போய் வந்தேன். பெரும்போக அறுவடை முடிந்து வீதியோரமெல்லாம் நெல் காய்கிறது. அரிசி ஆலைகள் இராப்பகலாக ஓடுகின்றன. ஓர் ஆலை வாசலில் நின்று உள்ளே பார்த்தேன். தவிட்டுத் தூசியில் மின்குமிழ் மஞ்சளாகத் தெரிந்தது. காவலாளி விரட்டும்வரை நின்றேன்.

பெப்ரவரி 22

இன்றைய நாளை விரிவாக எழுத வேண்டும்.

சேர் பயிற்சிக்கு ஒரு கதை அனுப்பியிருந்தார். பிஸ்கட் தொழிற்சாலை. மாவு கொண்டுபோகும் பட்டி அரை மணிக்கு ஒருமுறை அடைக்கும். புதிதாக வந்த பையன் பட்டி ஓடும்போதே கையை விட்டு மாவை எடுக்கிறான். பாதுகாப்பு மூடி சுவரில் சாய்ந்து நிற்கிறது. மேற்பார்வையாளர் ஒருவரே இரண்டு பிரிவுகளைப் பார்க்கிறார். போன மாதம் ஒருவர் மயிரிழையில் தப்பியிருக்கிறார், பதிவேட்டில் ஒரு வரி இல்லை. கூடுதலாகப் பெட்டி அடுக்கினால் கொடுப்பனவு உண்டு.

நான் எழுதியது: மூடியைப் பூட்ட வேண்டும், பையனுக்குப் பயிற்சி வேண்டும், கையுறை கொடுக்க வேண்டும்.

அப்பா திண்ணையில் பாக்குச் சீவிக்கொண்டிருந்தார். வலக்கையில் ஆள்காட்டி விரலும் நடுவிரலும் இல்லை. பாக்குவெட்டியின் ஒரு காலை உள்ளங்கையில் வைத்து அழுத்தி, மற்றதைப் பெருவிரலால் நெரிப்பார். ஒரு சீவலும் தடித்து விழாது. கதையைத் தமிழில் சொன்னேன்.

"கையுறையா?" என்றார். "ஓடுகிற பட்டிக்குக் கையுறையோடு கையைக் கொடுத்தால் அது கையுறையைப் பிடித்துக் கையையும் சேர்த்து இழுக்கும்."

கொஞ்ச நேரம் கழித்து, "மூடியை ஏன் கழற்றினான்?" என்று கேட்டார்.

கவலையீனம் என்றேன்.

"அரை மணிக்கு ஒருமுறை அடைக்கும் என்றாயே. ஒவ்வொரு முறையும் ஆணி கழற்றிப் பூட்டினால் பெட்டி எப்போது அடுக்குவது? யாரும் மூடியைச் சும்மா கழற்றமாட்டான், மகன்."

அந்த இரண்டு வரிகளையும் நான் வாசித்திருந்தேன். சேர்த்துப் பார்க்கவில்லை. மாவு ஏன் அடைக்கிறது என்று பார்த்து முதலில் அதைச் சரிசெய்ய வேண்டும். மூடியைத் திறந்தால் இயந்திரம் தானாக நிற்கும்படி பூட்டு இணைக்க வேண்டும். கொடுப்பனவு பெட்டிக் கணக்கில் இருக்கும்வரை பயிற்சி கொடுத்துப் பயனில்லை. விடை இப்படிப் போக வேண்டும்.

அப்பாவின் ஆலையில் கழற்றுவதற்கு மூடியே இருக்கவில்லை. நெல் ஏற்றும் பெல்ட்டில் உடுத்திருந்த சாரத்தின் நுனி சிக்கியது. அதை இழுக்கத்தான் கையைக் கொண்டுபோனாராம். முதலாளி ஆஸ்பத்திரிச் செலவும் மூன்று மாதம் அரிசியும் கொடுத்தார். அதை நல்ல மனது என்று அப்பா இன்றும் சொல்கிறார். இயந்திரத்தின் ஆபத்தான பகுதிக்கு வேலி போடச் சொல்லும் தொழிற்சாலைகள் கட்டளைச் சட்டம் 1942 ஆம் ஆண்டின் 45 ஆம் இலக்கம். வேலையாட்கள் நட்டஈட்டுச் சட்டம் அதைவிடப் பழையது, 1934. அப்பாவுக்கு இவை தெரியாது. முதலாளிக்குத் தெரிந்திருக்கும்.

பெப்ரவரி 26

சர்வதேச தொழிலாளர் அமைப்பின் 155 ஆம் சமவாயம், 1981. உயிருக்கு உடனடி ஆபத்து என்று நியாயமாக நம்பி வேலையை விட்டு விலகுகிறவரைத் தண்டிக்கக் கூடாது என்கிறது 13 ஆம் உறுப்புரை. அப்பாவுக்கு வாசித்துக் காட்டினேன். சிரித்தார்.

மார்ச் 5

மறுபடி எழுதிய தாளை முடித்து அனுப்பிவிட்டேன். என்ன கதை வந்தது என்று எழுதுவது முறையல்ல. அச்செடுத்து நான்கு நிறத்தில் கோடு போட்டேன்: ஆட்கள், இயந்திரம், நிர்வாகம், முன்பு நடந்தவை. ஒரு நிறத்தை இன்னொன்றோடு முடிச்சுப் போடாமல் எந்த விடையையும் முடிக்கவில்லை. பாடப்புத்தகத்தை இரண்டு முறைதான் திறந்தேன். இரவு அப்பா தேநீர் கொண்டுவந்தார். ஒன்றும் கேட்கக் கூடாது என்று முன்பே சொல்லியிருந்ததால் மேசையைப் பார்க்காமலே வைத்துவிட்டுப் போனார்.

மார்ச் 13

விடை என்னுடையதுதானா என்று உறுதிசெய்யும் நேர்காணல், காணொளியில். அடையாள அட்டையைக் காட்டி, கமராவைச் சுழற்றி அறையையும் காட்ட வேண்டும், வேறு யாரும் இருக்கக் கூடாது. அப்பா மூலைக் கதிரையில் இருந்தார். வெளியே போகச் சொன்னேன்.

வெற்றிலை வட்டாவைத் தூக்கிக்கொண்டு எழுந்தார். "நான் என்ன, உனக்குச் சொல்லியா கொடுக்கப் போகிறேன்?" என்றபடி கதவைச் சாத்தினார்.