ஐலா தீவு: பீட் புகையைத் தொடர்ந்து ஒரு நடை

ஸ்காட்லாந்தின் மேற்குக் கரைக்கு அப்பாலுள்ள ஐலாவுக்கு விஸ்கி பார்க்கப் போகிறவர்கள் காரை இக்கரையில் கென்னகிரெய்க் துறையிலேயே விட்டுவிடுவது உத்தமம். அங்கிருந்து தீவின் போர்ட் எலனுக்குக் கப்பலில் சுமார் இரண்டேகால் மணி நேரம். லஃப்ராய்க், லகவூலின், ஆர்ட்பெக் என மூன்று வடிப்பாலைகளையும் வரிசையாகத் தொட்டுப்போகும் நடைபாதை சுமார் 5 கிலோமீட்டர்தான். ஸ்காட்லாந்தில் வண்டி ஓட்டுபவருக்கு 100 மில்லி இரத்தத்தில் 50 மில்லிகிராம் ஆல்கஹாலே வரம்பு, இங்கிலாந்தில் 80. அங்கே தப்பித்தவர் இங்கே மாட்டுவார்.

ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் லஃப்ராய்க். தனக்கு வேண்டிய மால்ட்டில் (முளைகட்டிக் காயவைத்த பார்லி) ஒரு பங்கை இன்னும் தரையில் பரப்பி முளைகட்டுகிறார்கள். வீட்டில் பயறு முளைகட்டும் அதே கதைதான்: பார்லியை இரண்டு நாள் ஊறவிட்டு, ஈரத்தோடு பரப்பி, சில மணிக்கொருமுறை புரட்டுவது. புரட்டத் தவறினால் வேர்கள் பின்னிப் பாயாகிவிடும், நடுவில் சூடேறிப் பூஞ்சை பிடிக்கும். முளை அதிகம் நீண்டாலும் நஷ்டம். சாராயமாக வேண்டிய மாவுச்சத்தை முளையே தின்றுவிடும். பழைய சோதனை ஒன்று உண்டு: மணியை நசுக்கிச் சுவரில் தேய்த்தால் சாக்பீஸ் போல வெள்ளைக் கோடு விழ வேண்டும்.

அடுத்தது முளைத்ததைக் காயவைக்கும் சூளை. பாசியும் புல்லும் மக்கி இறுகிய சதுப்பு மண்ணே பீட். வசந்தத்தில் வெட்டி, கோடை முழுக்கக் காயவைத்து எரிக்கிறார்கள். மரமோ நிலக்கரியோ இல்லாத தீவுக்கு வேறு விறகு ஏது? அடுப்புக்கு வந்த புகைதான் ருசியாகிவிட்டது. ரயிலில் நிலக்கரி வந்திறங்கிய ஸ்பேசைடில் (ஸ்காட்லாந்தின் இன்னொரு விஸ்கி வட்டாரம்) அந்தப் புகை மெல்ல விலகிப்போனது. மால்ட் ஈரமாக இருக்கும்போதுதான் புகை ஒட்டும். அதனால் முதலில் தணிந்த சூட்டில் புகை, பிறகே வெப்பக்காற்று. அவசரப்பட்டுச் சூட்டைக் கூட்டினால் உமி காய்ந்துபோகும். அப்புறம் எவ்வளவு பீட் எரித்தாலும் வீண்.

ஆர்ட்பெக் 55 பிபிஎம் (பத்து லட்சத்தில் 55 பங்கு) என்று பெருமையாகப் பேசுவார்கள். அது மால்ட்டில் உள்ள பீனால், அதாவது புகை வாடை தரும் வேதிப்பொருளின் அளவு, பாட்டிலில் உள்ளதல்ல. பாதி வழியிலேயே நிறைய போய்விடும். சாறு இறக்கிய சக்கையோடு கொஞ்சம், வடிக்கும்போது கொஞ்சம். இரண்டாம் வடிப்பில் புகை வாடை பிந்தித்தான் இறங்கும். லஃப்ராய்க்கில் முதல் 45 நிமிடம் வருவதை ஒதுக்கிவிட்டு, நடுப்பகுதியைத் தாமதமாக முடிக்கிறார்கள். சீக்கிரம் நிறுத்தினால் புகை கிடைக்காது, ரொம்பத் தாமதித்தால் வியர்வை நாற்றம். லஃப்ராய்க்கின் டிஞ்சர் போன்ற வாடை எல்லாருக்கும் பிடித்துவிடாது. பிடித்தவர்கள் மற்றதைத் தொடுவதில்லை.

ஐலா என்றாலே புகை என்பதும் முழு உண்மையல்ல. வடக்கே புன்னஹாவனில் பெரும்பாலும் பீட் இல்லாத மால்ட்தான்.

பீப்பாயிலிருந்து நேரடியாக ஊற்றித் தருவதில் ஆல்கஹால் 55 சதவீதத்தைத் தாண்டியிருக்கலாம். மூக்கைக் கிளாஸுக்குள் நுழைக்காதீர்கள், மரத்துவிடும். ஒரு டீஸ்பூன் தண்ணீர் விட்டால் அடங்கியிருந்த வாசனை எழும்.

மே இறுதியில் ஃபெஸ் ஈலா திருவிழா. அறைகளை மாதக்கணக்கில் முன்பே பிடிக்க வேண்டும். காற்று பலத்தால் கப்பல் ஓடாது, திரும்பும் பயணத்துக்கு ஒரு நாள் கூடுதலாக வைத்துக்கொள்ளுங்கள்.