பாக் விரிகுடாவில் கடற்புல் கணக்கெடுத்த அனுபவம்

முதுகலைக் கடல் உயிரியல் ஆய்வேட்டுக்காக, மண்டபம் ஊரை அடுத்துப் பாக் விரிகுடாவின் ஆழம் குறைந்த பகுதியில் கடற்புல் பரப்பைக் கணக்கெடுத்தேன். அடுத்து அங்கே செல்லவிருக்கும் மாணவர்களுக்குப் பயன்படக்கூடியவற்றை இங்கே எழுதுகிறேன்.

முறை எளியதுதான். கரையிலிருந்து கடல்நோக்கி 50 மீட்டர் நாடாவை விரித்து, தொடக்கப் புள்ளியிலிருந்து 5 மீட்டருக்கு ஒன்றாக 50 சென்டிமீட்டர் சதுரச் சட்டத்தை வைத்து, அதனுள் புல் எத்தனை விழுக்காடு மூடியிருக்கிறது என்று கண்ணால் மதிப்பிட வேண்டும். ஒரு நாடாவுக்கு 11 சட்டங்கள்; 25 மீட்டர் இடைவெளியில் மூன்று நாடாக்கள் என்றால் 33. ஆனால் முதல் நாள் ஒரே சட்டத்துக்கு நான் 40 என்றும் உடன் வந்த தோழி 65 என்றும் குறித்திருந்தோம். நீரோட்டத்தில் ஒரு பக்கமாகச் சாய்ந்த நீண்ட இலைகள் வெறும் மணலை மறைத்திருந்த இடத்தை நான் கழித்திருந்தேன்; அவர் கழிக்கவில்லை. அன்றைய தரவு முழுவதும் வீண். மறுநாள் காலை, பத்துச் சட்டங்களை இருவரும் தனித்தனியே மதிப்பிட்டு, வேறுபாடு ஐந்து விழுக்காட்டுக்குள் வரும்வரை பேசி ஒரு விதிக்கு வந்த பிறகே கணக்கெடுப்பைத் தொடங்கினோம்.

இனங்காணலில் சிரிங்கோடியம் என்ற கடற்புல் தொல்லை தராது. அதன் இலை நூல்போல் உருண்டிருக்கும். சைமோடோசியா என்ற கடற்புல் பேரினத்தின் இரண்டு இனங்களான செருலேட்டாவும் ரொட்டண்டாட்டாவும்தான் குழப்பும். செருலேட்டாவின் இலைநுனியில் ரம்பப் பற்கள் இருக்கும், ரொட்டண்டாட்டாவின் நுனி மழமழவென்றிருக்கும் என்று பாடநூல் படித்துவிட்டுப் போனால், கடலில் பெரும்பாலான நுனிகள் மீன் கடித்தோ அலையில் கிழிந்தோ போயிருக்கும். தண்டின் நடுவிலிருந்து புதிதாக முளைத்த இலையைத் தேடி, கைலென்சில் பாருங்கள்.

குறிப்பெடுக்கப் பென்சிலும் நீர்புகாத் தாளும் போதும். அன்றைய தரவை அன்றிரவே கணினியில் ஏற்றிவிடுங்கள்; இரண்டு நாள் கழித்துப் பார்த்தால் நம் கையெழுத்தே நமக்குப் புரியாது. வடகிழக்குப் பருவமழைக் காலத்தில் அங்கே நீர் கலங்கிவிடும் என்பதால், களநாள்களை அதற்கு முன்பே முடித்துக்கொள்வது நல்லது. தெற்கே மன்னார் வளைகுடாவின் 21 தீவுகளும் 1986 முதல் தேசியப் பூங்கா. அங்கே ஆய்வு செய்ய வனத்துறை அனுமதி வேண்டும், அதற்கு மாதக்கணக்கில் ஆகலாம்.

இன்னொன்று, எங்களை ஏற்றிச் சென்ற வல்லக்காரர் சொல்லிக்கொடுத்தது: ஆழமற்ற நீரில் காலைத் தூக்கி வைக்காமல், மணலை உரசியபடியே நடக்க வேண்டும். புதைந்து கிடக்கும் திருக்கை அந்த அதிர்விலேயே விலகிப் போய்விடும்.