46 நாளும் இரண்டு இஎஸ்ஐ நம்பரும்: பிரசவ விடுப்புப் பணம் வாங்கிய அனுபவம்

2023 ஏப்ரல் 10 முதல் எனக்குப் பிரசவ விடுப்பு. மே 9 அன்று பெண் குழந்தை பிறந்தாள். இஎஸ்ஐ (சம்பளத்தில் மாதாமாதம் பிடிக்கும் தொழிலாளர் அரசு காப்பீடு) பணம் முதல்முறையாகக் கணக்கில் ஏறியது ஆகஸ்ட் முதல் வாரத்தில். நடுவில் கிட்டத்தட்ட நான்கு மாதம் சம்பளம் இல்லை. கையில் இருந்த சேமிப்பு, அம்மா கொடுத்தது, கணவரின் சம்பளம் என்று ஓட்டினோம். தனியார் கம்பெனியில் அப்பாக்களுக்குச் சம்பளத்தோடு விடுப்பு தரச் சட்டம் எதுவும் இல்லை என்பதால் அவர் நான்காம் நாளே வேலைக்குப் போய்விட்டார்.

சம்பளம் 21,000 ரூபாய்க்குள் இருந்து இஎஸ்ஐ பிடித்தால், முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம் முழுச் சம்பளக் கணக்கில் பணம் உண்டு, அதைக் கம்பெனி தராது, இஎஸ்ஐ தரும். இந்த அளவுக்கு எனக்கும் தெரியும். இஎஸ்ஐ டிஸ்பென்சரியில் பிரசவத் தேதிச் சான்றிதழ் வாங்குவது, பணம் கேட்கும் படிவம் 19 நிரப்புவது, பாஸ்புக் நகல் எல்லாம் ஒரே காலையில் முடிந்தன.

இஎஸ்ஐ கிளை அலுவலகத்தில்தான் மாட்டிக்கொண்டேன். வளைகாப்பு முடிந்து அம்மா வீட்டுக்கு வந்துவிட்டதால், அங்கே போக இரண்டு மணி நேரம் பஸ். ஒன்பதாம் மாத வயிற்றோடு வரிசையில் நின்று படிவத்தை நீட்டினேன். கவுண்டரில் இருந்தவர் நம்பரைத் தட்டிப் பார்த்துவிட்டு, "46 நாள்தான் வருது. 70 நாள் வேணும். உங்களுக்குக் கிடையாதும்மா" என்றார். "எட்டு மாசமா வேலை பாக்கறேன் சார், மாசாமாசம் பிடிக்கிறாங்க" என்றேன். பதில் இல்லை. அடுத்தவரைக் கூப்பிட்டுவிட்டார். பஸ்ஸில் திரும்பி வரும்போது அழுதுகொண்டே வந்தேன்.

அடுத்த வாரம் அண்ணனை அழைத்துக்கொண்டு மறுபடி போனேன். அன்று வேறு ஒரு அம்மா இருந்தார். அவர் ஒரு தாளில் எழுதிக் காட்டியபோதுதான் புரிந்தது. இஎஸ்ஐ கணக்கில் வருடம் இரண்டு பாதி. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரை கட்டிய சந்தாவுக்கு, அடுத்த ஜனவரி முதல் ஜூன் வரை பலன். அக்டோபர் முதல் மார்ச் வரை கட்டியதற்கு ஜூலை முதல் டிசம்பர் வரை பலன். எனக்குப் பிரசவம் மே மாதம். ஆகவே 2022 செப்டம்பரோடு முடிந்த பாதி, அதற்கு முந்தைய பாதி இரண்டிலும் சேர்த்து, சந்தா கட்டிய நாள் 70 இருக்க வேண்டும். அக்டோபர் முதல் நான் வேலை பார்த்த ஆறு மாதமும் இந்தப் பிரசவத்துக்குக் கணக்கே இல்லை! புதிய கம்பெனியில் சேர்ந்தது 2022 ஆகஸ்ட் 16. அன்று முதல் செப்டம்பர் 30 வரை எண்ணினால் சரியாக 46 நாள்.

"அதுக்கு முன்னாடி எங்கேயும் வேலை பாக்கலையா?" என்று கேட்டார். பார்த்தேன், ஒரு வருடத்துக்கு மேல், அங்கேயும் இஎஸ்ஐ பிடித்தார்கள். அந்தச் சந்தா வேறு ஒரு நம்பரில் கிடந்தது. ஒருவருக்கு வாழ்நாள் முழுக்க ஒரே இஎஸ்ஐ நம்பர்தான் இருக்க வேண்டும். புதிய கம்பெனியில் பழைய நம்பரைக் கேட்காமலே புதிதாகப் பதிந்துவிட்டார்கள். பழைய பதிவில் என் பெயர் இன்ஷியல் இல்லாமல் இருந்ததால் யாருக்கும் தெரியவில்லை.

இரண்டையும் இணைக்கக் கம்பெனியிலிருந்து கடிதம் கேட்டார்கள். ஹெச்.ஆரில், "நாங்க எல்லா மாசமும் கட்டிட்டோம் மேடம், இது உங்க பிரச்சனை" என்று பத்து நாள் இழுத்தடித்தார்கள். அப்போது என் தோழி ஒருத்தி சொல்லித்தான் இது தெரிந்தது: இஎஸ்ஐயில் தகுதி வரும்வரை, அப்போது அமலில் இருந்த பிரசவ உதவிச் சட்டத்தின் 5ஏ பிரிவுப்படி கம்பெனியிடமே கேட்கும் உரிமை நமக்கு இருந்தது. பிரசவத்துக்கு முந்தைய 12 மாதத்தில் அங்கே 80 நாள் வேலை பார்த்திருந்தால் போதும் என்று அந்தச் சட்டத்தில் இருந்தது. இதை அப்படியே எழுதி, "இஎஸ்ஐயில் கிடைக்காவிட்டால் 26 வாரச் சம்பளத்தை நீங்கள் தர வேண்டியிருக்கும்" என்று மெயில் அனுப்பினேன். மறுநாள் மதியம் கடிதம் வந்துவிட்டது. அந்தக் கடிதத்தோடு ஆதார், பழைய இஎஸ்ஐ அட்டை, பழைய சம்பளச் சீட்டுகள் எல்லாவற்றையும் அண்ணன் கொண்டுபோய்க் கொடுத்தான். பழைய சீட்டுகளை நான் தூக்கிப் போடாமல் வைத்திருந்தது எவ்வளவு பெரிய உதவி!

நம்பர் இணையவே ஜூலை ஆகிவிட்டது. அதன்பிறகு சிக்கல் இல்லை, மிச்சப் பணமும் தவணையாக வந்து சேர்ந்தது.

வேலை மாறும்போது பழைய இஎஸ்ஐ நம்பரை அவர்கள் கேட்காவிட்டாலும் நீங்களே எழுதிக் கொடுங்கள். கர்ப்பம் உறுதியானதும் இஎஸ்ஐ இணையதளத்தில் உங்கள் நம்பரைப் போட்டு உள்ளே போய், சந்தா எத்தனை நாள் ஏறியிருக்கிறது என்று பாருங்கள். பிரசவத் தேதி எந்தப் பாதியில் விழுகிறதோ அதற்கான மாதங்களைப் பாருங்கள், கடைசி மாதங்களை அல்ல. குறைந்தால் அப்போதே கிளை அலுவலகத்துக்குப் போங்கள். ஐந்தாம் மாதத்தில் போவதற்கும் ஒன்பதாம் மாதத்தில் போவதற்கும் நிறைய வித்தியாசம் இருக்கிறது. "கிடையாது" என்று சொன்னால் ஏன் என்பதை எழுதித் தரச் சொல்லுங்கள். நான் முதல் நாள் அதைக் கேட்டிருந்தால் ஒரு பயணமாவது மிச்சமாகியிருக்கும்.

அக்டோபர் 9 அன்று மறுபடி வேலைக்குப் போனேன். முதலில் பார்த்தது சம்பளச் சீட்டில் இருந்த இஎஸ்ஐ நம்பரைத்தான். பழைய நம்பர் வந்திருந்தது.